மீன் வெடுக்கு

போத்தல் மூடியைத் திறந்து ஒருமுறை மணந்ததுமே கமலாவதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மீன் வெடுக்கு. சந்தேகமே இல்லை, பச்சை மீன் நாற்றமேதான், அசல் மீன் வெடுக்கு.

ஒற்றை மகன் கஜானனைக் கரையோரத்துப் பெட்டை ஆரபி கொத்திக்கொண்டு போன நாளிலிருந்து கமலாவதி காத்திருந்தது இதற்குத்தான். "மீன் நாறுற குடும்பம் எங்கடை படலை தாண்டாது" என்று சொன்னவள், இன்றுவரை தாண்ட விடவில்லை. அந்தப் பெட்டை இப்போது கழிவிலிருந்து சவுக்காரத் தண்ணீர் செய்து, பாத்திரம் கழுவவென்று கோயில் அன்னதான மடத்துக்கே விற்கிறாளாம். அதில் ஒன்றுதான் இந்தப் போத்தல். மடம் கைவிட்டால் அவளுடைய தொழில் படுத்துவிடும். படுக்கட்டும்.

கோயில் சபை கூடிய அன்று, வழமைபோலக் கடையை முழுக்கச் சமையல்காரரிடம் விட்டுவிட்டுப் போத்தலோடு போய் இறங்கினாள். சந்தியில் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள், மடத்துக்கு வடை கொடுக்கிறவள். அவள் சொன்னால் ஊர் கேட்கும். ஆரபியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"தலைவர் அண்ணை, மணந்து பாருங்கோ. சுவாமிக்குப் படைக்கிற சோறு காய்ச்சுற கிடாரத்தை மீன், மச்சம் சேர்ந்த சாமானாலை எல்லே கழுவுறியள்."

தலைவர் சிவசுப்பிரமணியம் மணந்தார். முகம் சுருங்கியது. "என்ன பிள்ளை இது?"

"நாங்கள் மீன் சேர்க்கிறேல்லை ஐயா. சந்தையிலை அழுகிற வாழைப்பழமும், கடையளிலை பொரிச்சு மிஞ்சிற எண்ணெயும்தான். ரெண்டையும் புளிக்க வைச்சு நுரை எடுக்கிறது."

"அப்ப வெடுக்கு வானத்திலையிருந்தோ வந்தது? வாயிருக்கெண்டு புழுகாதை." கமலாவதியின் குரல் வெளிவீதி வரை போனது. போகட்டும், நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் அவளும் கத்தினாள்.

ஆரபி போத்தலை வாங்கித் தானும் மணந்தாள். "மாமி சொல்லுறது சரி ஐயா. மீன் பொரிச்ச எண்ணெய்தான் வந்திருக்கு."

கமலாவதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி இவள் தப்ப வழியே இல்லை.

"கேட்டியளோ? எந்தக் கடை எண்டு கேளுங்கோ. அந்தக் கடைக்காரரையும் கோயில் பக்கம் அண்ட விடக்கூடாது."

"சபையிலை வேண்டாம் மாமி, விடுங்கோ."

"ஏன், பயமோ? சொல்லடி."

ஆரபி நிமிர்ந்து மாமியாரின் கண்ணையே பார்த்தாள்.

"இந்தமுறை எடுத்தது முழுக்க உங்கடை கடை எண்ணெய், மாமி."