தொங்குதராசு

மொராவின் மகளைச் சனிக்கிழமைதோறும் நான்தான் நிறுப்பேன். கென்யாவின் நைவாஷாவில், பூப்பண்ணைகளில் வேலை செய்யும் தாய்மார்கள் எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாள். ஆனால் போன மாதம் ஏழு கிலோ இருந்தவள் இன்று ஐந்தரைதான். தராசை மாற்றினேன். அதே ஐந்தரை.

“பால் குடுக்கிறியா, இல்ல போட்டோ மட்டும் எடுக்கிறியா?”

“ரெண்டும்தான் சிஸ்டர். நேத்துப் போட்டத ஒன்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க.”

“ஒரு வாரம் எதையும் போடாத. இப்படியே எளைச்சா புள்ள மிஞ்சாது.”

அந்த வாரம் மொரா எதையும் போடவில்லை. எடையும் குறையவில்லை. மறுவாரம், ‘தாயான அன்றுதான் நானும் பிறந்தேன்’ என்று எழுதிக் குழந்தையின் படம் போட்டாள். சனிக்கிழமை எடை ஐந்து.

மாலையில் அந்தப் படத்தை என் போனில் தேடிப் பார்த்தேன். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: “பாக்கப் பாக்க மடி கனக்குது.”

மடியிலிருந்த போனை அணைத்து மேசைமேல் வைத்தேன். என் மடியில் கனம் இறங்கவில்லை.