முகமூடி வீரனின் மேலங்கி

"ஒத்த ஆளு நூறு பேரை அடிக்கிறானாம்! இன்னாய்யா படம் இது?" ராயபுரம் டென்ட் கொட்டகையில் கன்னியம்மா சலித்துக்கொண்டாள்.

"தாவும்போது முதுகுல மேலங்கி பறக்குது பாரு, அதுக்கே துட்டு குடுக்கலாம்" என்றான் கணவன் ரகுபதி. அவன் சினிமா கம்பெனியில் தையல்காரன்.

இடைவேளையில் இன்ஸ்பெக்டர் அவனைப் பிடித்துக்கொண்டார். "ஹார்பர் ஸ்ட்ரைக்குக்கு நீ தச்ச செங்கொடி எங்கடா? மூணு தடவை உன் வீட்டைச் சோதனை போட்டும் கிடைக்கலை."

"எனக்கு இன்னா சார் தெரியும்? படம் எப்டி கீது?"

"கதை சுத்த உளறல். ஆனா அந்த மேலங்கி பிரமாதம்! நானே விசிலடிச்சேன்."

"நான் தச்சது சார்."

அவர் நகர்ந்ததும் கன்னியம்மா கேட்டாள்: "நெசமா, கொடி எங்கய்யா?"

"இப்பத்தானே பாத்தே! கறுப்பு வெள்ளைப் படத்துல சேப்பு தெரியாதுல்ல."

விளக்கு அணைந்தது. திரையில் மேலங்கி பறந்தது. இந்த முறை முதல் விசில் கன்னியம்மாவுடையது.