வெட்க எலும்பு

"இப்போது பேசவும்"னு போன் காட்டுச்சு. பேசினா அதுவே எழுதிக்கும்.

அவன் பேசல.

துணி துவைக்கிற ரூம். மூணு மிஷினும் ஓடுது. வேற யாரும் இல்ல. வந்தாலும் ஜெர்மன்காரங்கதான், தமிழ் புரியாது. அப்படியும் கதவ ஒருதரம் திரும்பிப் பாத்துக்கிட்டான்.

செண்பகம் அக்கா அனுப்பின மெசேஜ் மேலேயே நிக்குது.

"அம்மா உள்ள போக மாட்டேங்குறாங்கடா. லேடி டாக்டர் இன்னைக்கு லீவு. ஆம்பள டாக்டர்னதும் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கிட்டு, இப்பதான் வெளிய வந்தாங்க, அம்பத்தாறு வயசுல. இதோட மூணாவது தடவ. டாக்டருக்குப் படிக்கிற சாரு, கொஞ்சம் சொல்லுங்க. வாய்ஸ் அனுப்பிறாத, வராண்டா பூரா கேக்கும். அவங்க போனுக்கே எழுதி அனுப்பு. அவங்களே படிக்கட்டும்."

தூரம் நின்னு ஆறு வருஷம். இப்ப எட்டு மாசமா மறுபடி ரத்தம். எட்டு மாசமும் அம்மா மூச்சு விடல. துவைக்கப் போட்ட பாவாடையப் பாத்துத்தான் அக்கா கண்டுபிடிச்சா.

எங்கேர்ந்தும்மான்னு அக்கா கேட்டதுக்கு அம்மா சொன்னது ஒரே வார்த்த.

"கீழ."

தொப்புளுக்குக் கீழ, முட்டிக்கு மேல, எல்லாத்துக்கும் அம்மாகிட்ட அந்த ஒரு வார்த்ததான்.

அவனுக்கு ஒவ்வொண்ணுக்கும் பேர் தெரியும். ஜெர்மன்ல தெரியும். லத்தீன்ல தெரியும். போன வாரப் பரீட்சையில படத்துல பதினெட்டு அம்புக்குறி. பதினெட்டும் சரி.

அந்த ரத்தம் என்னவா இருக்கலாம்னும் தெரியும். அந்தப் பேரும் பரீட்சையில வந்துச்சு.

அடிவயித்துக்குக் கீழ, முன்பக்கம் இருக்குற எலும்புக்கு இங்க ஷாம்பைன்னு பேரு. ஷாம்னா வெட்கம், பைன்னா எலும்பு. வெட்க எலும்பு. அதச் சுத்தி இருக்குற முடி, தோலு, எல்லாத்தோட பேருக்கு முன்னாடியும் அந்த வெட்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. பழைய லத்தீன் பேருக்கும் அதே அர்த்தந்தானாம். வெட்கப்பட வேண்டியது. இப்ப சில புத்தகத்துல மாத்திட்டாங்கன்னு டீச்சர் சொன்னப்ப கிளாஸ்ல சிரிச்சாங்க.

அவன் மட்டும் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தான்.

மைக்க அமுக்கினான்.

"அம்மா, டாக்டர் பாக்கப்போறது உங்க"

அதுக்கு மேல ஒரு வார்த்த வேணும். புத்தகத்துல இருக்குறது அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சது, குழாயடிச் சண்டையில மட்டும் காதுல விழுறது.

அதச் சொன்னான். மெதுவா. திட்டுறதுக்கு இல்லாம, மொத தடவ.

போன் அத எழுதல. கெட்ட வார்த்தன்னு நாலு நட்சத்திரம் போட்டுச்சு.

அழிச்சான்.

"பன்னெண்டாம் டோக்கன் உள்ள போயிருச்சு"ன்னு அக்கா. "நம்மளுது பதினாலு."

ஒரு மிஷின் நின்னுச்சு. உள்ள, ஒன்பதாம் ரூம்ல இருக்குற வயசான ஹென்செல் அம்மாவோட நைட்டி. காலைல அவன் மாத்தி விட்டது.

அந்தம்மாவுக்குப் பேச்சு போய் ரெண்டு வருஷம். மொத நாள் கழுவி விடும்போது அவன் மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். மரியாதன்னு நெனச்சான். அந்தம்மா அழுதுச்சு. மறுநாள் திருப்பல. துணி எங்க படப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிச் சொல்லித் தொடச்சான், பேரோட. அழல.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. வீட்டுல இருக்குறது ஒரு போட்டோ. வெள்ளச் சட்ட, கழுத்துல ஸ்டெதஸ்கோப். அந்த ஸ்டெதஸ்கோப்பு அவன்கூடப் படிக்கிறவனோடது. அம்மா அதப் பெருசாக்கி, டிவிக்கு மேல மாட்டியிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க.

மறுபடி மைக்க அமுக்கினான். இந்தத் தடவ நிறுத்தல. கமா, புள்ளி ஒண்ணும் விழல.

"அம்மா நான் டாக்டருக்குப் படிக்கல வயசானவங்கள வெச்சுப் பாக்குற எடத்துல வேல பாத்துக்கிட்டே நர்சுக்குப் படிக்கிறேன் தினம் காலைல ஏழு பேரக் கழுவி விடுறேன் அஞ்சு பேர் பொம்பளைங்க பீ மூத்திரம் எல்லாம் நான்தான் எடுக்குறேன் கீழயும் நான்தான் கழுவுறேன் ஒருத்தரயும் ஒருநாளும் கேவலமா நெனச்சதில்ல அந்த டாக்டரும் உங்கள நெனைக்க மாட்டாரு அக்காவ உள்ள கூட்டிட்டுப் போங்க வேணாம்னா நிறுத்தச் சொல்லுங்க ஆனா போங்கம்மா"

திரும்பப் படிச்சா அனுப்ப மாட்டோம்னு தெரியும். படிக்காமயே அனுப்பிட்டான்.

ரெண்டு டிக். நீலமாச்சு.

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. ஏழு பேர்ங்குற எடத்துல இருப்பாங்க. இப்ப பீங்குற எடத்துல இருப்பாங்க.

காது ரெண்டும் சுட்டுச்சு.

அம்மா எழுதுறாங்கன்னு காட்டுச்சு. நின்னுச்சு. மறுபடி காட்டுச்சு.

அதுவும் நின்னுச்சு.

ஈரத்துணிய எடுத்து ட்ரையர்ல போட்டான். காஞ்ச துண்ட மடிச்சான். நாப்பது துண்டு. மடிச்சதையே திரும்ப ஒதறி மடிச்சான்.

அப்பறம் அக்கா.

"முடிஞ்சுதுடா. சத எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. வியாழக்கெழம தெரியும். என் கைய விடவேயில்ல, நகம் பதிஞ்சிருக்கு பாரு."

கைய போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா. நாலு பிறை.

அவன் துண்டு மேல ஒக்காந்துட்டான்.

அதுக்குக் கீழ இன்னொண்ணு வந்துச்சு.

"உள்ள போறதுக்கு முன்னாடி நீ அனுப்பினத அழிச்சிட்டாங்க. கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. அப்படி என்னடா எழுதின?"

ஒன்பதாம் ரூம்ல மணி அடிச்சுச்சு. ஹென்செல் அம்மா.

எந்திரிச்சு, அக்காவுக்குப் பதில் எழுத மைக்க அமுக்கினான்.

"இப்போது பேசவும்."