அக்கா மூலமாக

பேக்கரியில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதற்கென்று இருவருக்குமே மறந்துவிட்டது. வீம்பு மட்டும் மிச்சம். எந்தப் பேச்சும் கல்லாவில் உட்காரும் அக்கா மூலமாகத்தான்.

இன்று கல்யாண ஆர்டர். மூன்றடுக்கு கேக்.

“அக்கா, மேலடுக்கு சாயுதுன்னு உன் சின்னத் தம்பிகிட்ட சொல்லு,” என்றார் அண்ணன், கல்லாப் பக்கம் திரும்பி.

“சாஞ்சிருக்கிறது அவரோட மூக்குக்கண்ணாடின்னு உன் பெரிய தம்பிகிட்ட சொல்லுக்கா.”

அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கேக் அப்போதும் சாய்ந்தே இருந்தது.

“அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுக்கா. நான் அடியில கிரீம் வைக்கிறேன்,” என்றான் தம்பி.

“பிடிச்சாச்சுன்னு சொல்லு. சீக்கிரம்! கனக்குது.”

கேக் நிமிர்ந்தது.

“உன் தம்பிக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சுக்கா.”

தம்பியின் குரல் இறங்கியது. “அவர் கத்துக்குடுத்ததுதானேன்னு சொல்லு.”

கேக்கை வண்டியில் ஏற்றி அனுப்பியதும் போன் அடித்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

“டேய், பஸ்ஸை விட்டு இப்பத்தான் இறங்கினேன். வழியெல்லாம் உங்க நினைப்புதான். நான் இல்லாம ரெண்டு பேரும் எப்படிடா பேசிக்கிட்டீங்க?”

இருவரும் கல்லாவின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

“உன் மூலமாத்தான்க்கா!” என்றார்கள், ஒரே குரலில்.