செவ்வாய்க்கிழமை இழுப்பு

“இழுப்புக்கு ஆகாததுன்னு நர்ஸம்மா எழுதிக் கொடுத்த பட்டியல் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு அக்கா. கொசுவத்தி கிடையாது. பூனையைத் துரத்தியாச்சு. அடுப்பும் கேஸ். இன்னும் என்னதான் பண்ணச் சொல்றே?”

மன்சாவின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

அராபா மகளைப் பார்த்தாள். ஏழு வயது எகுவா படியில் உட்கார்ந்து, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் இன்ஹேலரைச் செருகி, மருந்தை நிதானமாக உள்ளிழுத்தாள். சொல்லிக் கொடுத்தபடியே வாயும் கொப்பளித்தாள். பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை.

அராபாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. மோரி கடற்கரையில் மீனைப் புகையில் வாட்டி விற்கிறவள் அவள். ஆஸ்துமாப் பிள்ளைக்குப் புகை ஆகாது என்றதும், மகளைக் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஸ்வேத்ருவில் தங்கை மன்சா வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஊர் வழக்கப்படி படகுகள் கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமையில் மட்டும் பார்க்க வருவாள். அதுவும் எப்படி? மிச்ச மீனை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வேலைத்துணியோடு வேன் ஏறுவாள். வந்ததும் தலையோடு குளித்து, வெளுத்த துணி உடுத்தி, கழற்றியதைப் பையில் கட்டிக் கொல்லைச் சுவரோரம் வைத்த பிறகுதான் மகளைத் தொடுவாள்.

இன்று அவள் உள்ளே நுழையும்போதே மன்சா சீண்டியிருந்தாள்: “வாரம் ஒரு புதுத் தலைத்துணியா? பெரிய முதலாளியம்மா ஆயிட்டே!”

“நீ வேற! ஒவ்வொண்ணாக் காணாமப் போகுதுடி. பக்கத்து அடுப்புக்காரி எஃபுவா மேலதான் எனக்குச் சந்தேகம். நேத்து கேட்டுச் சண்டையே போட்டுட்டேன்.”

இப்போது சிரிப்பில்லை.

“சரி, இழுப்பு எப்ப வருது? அதைச் சொல்லு.”

மன்சா தயங்கினாள். “வருத்தப்படாதே. செவ்வாய் ராத்திரி ஆரம்பிக்குது. வெள்ளிக்குள்ள அடங்கிடுது. அடுத்த செவ்வாய் மறுபடியும்.”

“அப்படின்னா... நான் வந்துட்டுப் போனதுமா?”

“நான் சொல்லலை. காலண்டர் சொல்லுது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன் அக்கா. உதடெல்லாம் நீலம்.”

அராபா தன் உள்ளங்கையை முகர்ந்தாள். சோப்பு. முழங்கையை முகர்ந்தாள். அங்கும் சோப்பு. பிறகு எங்கேதான் ஒளிந்திருக்கிறது அந்தப் புகை?

“பதினஞ்சு வருஷம் அடுப்படியிலே நின்னவ. தோலுக்குள்ளேயே ஊறிடுச்சோ என்னவோ. எப்படித் தேய்க்க முடியும்? விடுடி. இனிமே நான் வரலை. பார்க்காட்டிப் பரவாயில்லை, அவ நல்லா மூச்சு விட்டாப் போதும்.”

படியிலிருந்து பாட்டில் உருண்டு விழுந்தது. எகுவா உள்ளே ஓடினாள்.

“அழறதுக்குப் போறா பாரு,” என்று மன்சா எழுந்திருப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். கையில் அவளுடைய தலையணை. உறையை அவிழ்த்து அம்மாவின் மடியில் கொட்டினாள்.

நான்கு தலைத்துணிகள் விழுந்தன. நான்காவது, இன்று காலை அராபா கட்டி வந்தது.

“நீ வராம மட்டும் இருந்துடாதேம்மா. இனிமே உன் பையிலேருந்து எடுக்கவே மாட்டேன். பழசுல உன் வாசனை போயிடுது, அதான் வாராவாரம்...”