இடம் கிடைக்கவில்லை

"இந்த இடமும் தரமாட்டினமாம்," என்றபடி றெஜினோல்ட் கதிரையில் விழுந்தான்.

"ஏனாம்?" மனைவி றோஸ்மலர் தேத்தண்ணியை நீட்டினாள்.

"வெடிச்சுப் பறக்குமெண்டு பயம். ஆரோ எனக்கு முன்னமே போய்ப் பயப்படுத்திப் போட்டினம்."

தோட்டாவுக்கு முதல் பொறி கொடுக்கும் பிரைமருக்கு 1991இல் பெரிய தட்டுப்பாடு. "செய்து தாருங்கள், எவ்வளவென்றாலும் எடுக்கிறோம்," என்றார்கள் துப்பாக்கிக் கடைக்காரர்கள். அதை நம்பித்தான் வேலையை விட்டான். மெஷின், அவர்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய இல்ஃபோர்ட் வீட்டுக் கராஜில் கிடந்தது. பிரைமர் செய்யத் தனி இடம் கிடைத்தால்தான் லைசென்ஸ். பழைய வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

"கவலைப்படாதேங்கோ. மாதாவிட்டைக் கேக்கிறன்," என்றாள் றோஸ்மலர்.

அடுத்து ஒரு பழைய பட்டறை. அதன் சொந்தக்காரக் கிழவர் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"மன்னிக்கவும். காலையில் வந்த அம்மா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்."

"எந்த அம்மா?"

"உங்கள் மனைவிதான்."

வீட்டுக்கு வந்து கேட்டான். அவள் மறுக்கவில்லை.

"எல்லா இடத்துக்கும் நான்தான் போனனான்."

"விசரே உமக்கு? இஞ்ச விளையாட்டுக்குத்தான் சுடுகினம். இது எங்கட பிழைப்பு!"

"ஓம். மன்னாரில என்ர தம்பிக்குப் பட்ட தோட்டாவையும் ஆரோ ஒருத்தன் பிழைப்புக்குத்தான் செய்தவன்."

கோபத்தில் வெளியே போக எழும்பினான் றெஜினோல்ட். போக முடியவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.