பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில்

"நம்ம தையல்காரர் இருக்காரே, ஊரையே ஏமாத்துறார் டாக்டர்!"

உள்ளே வந்ததும் வராததுமாகப் போட்டு உடைத்தாள் நர்ஸ்.

"யாரு? இப்ப வெளிய போனாரே, அவரா?"

"அவரேதான். உங்க முன்னாடி ராஜநடை நடக்கறாரு. தெருவுல இறங்கிட்டா என்னமா நொண்டுறார் தெரியுமா? போன தடவை நானும் அதே பஸ்தான். கைக்குழந்தையோட இருந்தவ எழுந்து இடம் குடுத்தா. கொஞ்சம்கூடக் கூசாம உக்காந்துட்டாரு!"

டாக்டருக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் வந்தது. தையல்காரரின் முழங்காலுக்குள் இருப்பது டாக்டரே வடிவமைத்த செயற்கை மூட்டு. ஆராய்ச்சிக்கென்று முன்வந்தவர்களுக்கு மட்டும் இப்போதைக்கு வைத்திருக்கிறார். ஒருத்தர் பாக்கியில்லாமல் "வலியே இல்ல டாக்டர்" என்கிறார்கள். நாளைக்கு மருத்துவக் குழு கூடுகிறது. அவர்கள் சரி என்றுவிட்டால், இனி வருகிற அத்தனை பேருக்கும் இதே மூட்டுதான்.

"நல்லா நடக்கிற மனுஷன் எதுக்கு நொண்டணும்?"

"சீட்டுக்குத்தான். வேறெதுக்கு?"

"ஒரு சீட்டுக்கா இந்தப் பாடு? இரும்மா, நானே பாத்துட்டு வந்துடறேன்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கிளம்பினார். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ரகம் அவர்.

நர்ஸ் சொன்னது பொய்யில்லை. மருத்துவமனைச் சுவரைப் பிடித்தபடி, காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார் தையல்காரர். தெருவில் வேறு ஆளே இல்லை. அப்புறம் யாருக்காக இந்த நாடகம்?

"என்னங்க!"

திரும்பியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று காலை நேராக்கி, நிமிர்ந்து நின்றார்.

"எல்லாம் பாத்துட்டேன். நல்ல காலை வச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த நடிப்பு?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார்.

"நடிப்புதான் டாக்டர். ஆனா இங்க இல்ல. உங்க ரூம்லதான்."

"என்ன சொல்றீங்க?"

"வலி உயிர் போகுது. ஆனா நீங்க 'எப்படி இருக்கு?'ன்னு அவ்வளவு ஆசையாக் கேக்கறப்ப, அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? எவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க!"

டாக்டர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"சரி... உங்க ஒருத்தருக்குத்தானே இப்படி? மத்தவங்க எல்லாரும் நல்லாத்தானே நடக்கறாங்க?"

தையல்காரர் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினார்.

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப நாங்க எல்லாரும் பேசி வச்சுக்கறதுதான் டாக்டர். உள்ள போறவங்ககிட்ட, 'பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நடந்துடுங்க, பாவம், அந்த மனுஷன் மனசு ஒடிஞ்சுடும்'னு சொல்லித்தான் அனுப்புவோம்."